வாய்க்கால் கரையில் யார் ஆக்கிரமிப்பாளர்?

சில வாரங்களுக்கு முன்பு ஒரு கருத்தரங்கில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைவிடப்பட்ட ரயில்வே நிலங்களிலும் பயன்பாடிழந்த வாய்க்கால் கரைகளிலும் தானாக உருவாகியிருக்கும் உயிரின வாழிடங்களைப் பற்றிய உரை. நல்ல தலைப்பு. படங்களும் அருமை. புள்ளி ஆந்தை, கீரி, உடும்பு, நீர்க்காகம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் வந்துகொண்டிருந்தன. ஐந்தாவதோ ஆறாவதோ படமாக எங்கள் தெரு வந்தது.

கீரப்பாளையம் ஒன்றியத்தில், ஒரு கிளை வாய்க்காலின் கரையில் இருக்கும் காலனித் தெரு அது. வானிலிருந்து எடுத்த வரைபடத்தில் வாய்க்காலும் கருவேலமும் நாணலும் பச்சைக் கோடாகத் தெரிந்தன. அந்தப் பச்சையின் மேல் சிவப்புப் புள்ளிகள். சிவப்பு என்றால் 'மனித அழுத்தம்' என்று ஓரத்தில் விளக்கம் எழுதியிருந்தார்கள். மேற்கேயிருந்து எண்ணினால் மூன்றாவது சிவப்புப் புள்ளி எங்கள் வீடு. அடுத்த படத்தில் ஒரு பெண் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. புடவையை எனக்குத் தெரியும், தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்த ஒற்றைச் சொல்: 'இடையூறு'.

கேள்வி நேரத்தில் எழுந்து ஒன்று கேட்டேன். இதே வாய்க்காலில் இன்னும் சற்று மேலே போனால் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் நிற்கிறதே, அதற்குமேல் ஏன் சிவப்புப் புள்ளி இல்லை? கரையில் பாதியை வளைத்துப் போட்டிருக்கும் தென்னந்தோப்புக்கு ஏன் இல்லை? பேசியவர் யோசித்துவிட்டு, "அது பட்டா நிலமாக இருக்கலாம், பார்க்க வேண்டும்" என்றார். பார்க்காமலேயே எங்களுக்குச் சிவப்பு வைக்க முடிந்தவருக்கு அவர்களுக்குப் பச்சை கொடுக்கவும் பார்க்கத் தேவைப்படவில்லை.

அந்த ஆய்வாளர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவர் நல்லவர், தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வந்து பேசினார். பிரச்சினை அந்த வரைபடம். வரைபடம் திரையோடு நிற்பதில்லை. எங்கள் தெருக் கதவுகளில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்ற ஒரு காரணம்தான் சொல்வார்கள். இப்போது பேச்சுவாக்கில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "பறவையெல்லாம் வர்ற இடம்யா இது" என்றாராம் வந்த அலுவலர். அம்மா சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்: "நாங்க இருக்கறதாலதாங்க சார் வருது. வேற எங்க போவும்?"

அம்மா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஸுட்கெலாண்டே என்றொரு இயற்கைப் பூங்கா இருக்கிறது. டெம்பிள்ஹோஃப் என்ற இடத்தின் பழைய ரயில் பெட்டி பிரிக்கும் முற்றம் அது. போருக்குப் பிறகு நகரம் பிளவுபட்டதும் ரயில் நின்றுபோனது, தண்டவாளங்களுக்கு நடுவே மரம் முளைத்தது, பறவைகள் வந்தன. 1980களில் அங்கே மீண்டும் சரக்கு நிலையம் கட்டத் திட்டமிட்டபோது உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2000இல் சுமார் 18 ஹெக்டேர் பரப்பில் பூங்காவாகத் திறந்தார்கள். லண்டனில் கன்னர்ஸ்பரி முக்கோணம் என்று ரயில் பாதைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு துண்டு நிலத்தை 1980களில் இப்படித்தான் காப்பாற்றினார்கள். இவையெல்லாம் மெச்சத்தக்க போராட்டங்கள். நம் ஊர் இயற்கை ஆர்வலர்கள் இவற்றை மேற்கோள் காட்டுவதும் தவறில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ரயில் நின்ற பிறகு அந்த நிலம் மெய்யாகவே காலியாக இருந்தது. இங்கே காலியாக இருக்கும் நிலம் என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். ரயில் பாதையோரத்தில், வாய்க்கால் கரையில், ஏரி உள்வாயில், சுடுகாட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஊருக்குள் இடம் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து மாதிரியை இறக்குமதி செய்பவர்கள் ஆளில்லாத நிலத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய முடியாது. ஆளில்லாமல் ஆக்கத்தான் முடியும்.

நான் பொதுநிலங்களின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து 'தரிசு', 'புறம்போக்கு' என்ற சொற்களைத் துரத்துவதுதான் என் வேலை. புறம்போக்கு என்றால் வரிக்கணக்குக்கு வெளியே உள்ள நிலம். அது வசைச்சொல்லாக எப்படி மாறியது என்பதை யோசித்துப் பாருங்கள். வரி கட்டாத நிலத்தின் பெயரையே அங்கே வாழ்பவர்களைத் திட்டவும் பயன்படுத்துகிறோம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குத் தெரியும். அந்த அறிக்கையில் நாம் அவ்வளவாகப் பேசாத ஒரு பகுதி தரிசு நிலம் பற்றியது. கிராமங்களில் பயிரிடப்படாத நிலம் ஏராளமாகக் கிடந்தது. உழைக்கும் சாதியார் அதைக் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை இருந்தது. அவர்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். தாங்களும் உழமாட்டார்கள், உழக் கேட்பவனுக்கும் விடமாட்டார்கள். காரணம் எளிது. பண்ணையாளுக்குச் சொந்தமாக ஒரு காணி கிடைத்துவிட்டால் நாளைக்கு யார் ஏர் பிடிப்பது? ஆக, தரிசு தானாகத் தரிசாகக் கிடக்கவில்லை. தரிசாக வைக்கப்பட்டது. அந்த நிலத்தில் புதரும் பாம்பும் நரியும் பெருகியிருந்தால் அதையும் சாதிதான் வளர்த்தது என்று சொல்ல வேண்டும்.

பஞ்சமி நிலம் என்று சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதும், அதில் பெரும்பகுதி கைமாறிப்போனதும், 1994 அக்டோபரில் அதை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டதும் ஒரே வரலாறு. எங்களுக்கென்று எழுதிக்கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டால் தோட்டா. யாருக்கும் வேண்டாம் என்று போட்ட இடத்தில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு.

எங்கள் தெரு எப்படி வந்தது என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாத்தா ஒரு பண்ணையில் ஆள். குடிசை இருந்தது பண்ணையாரின் கொல்லையில். ஓர் அறுப்புக்குக் கூலி நெல்லில் கொஞ்சம் சேர்த்துக் கேட்டார்கள். மறுநாள் கூரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். சட்டி பானையோடு வந்து உட்கார்ந்த இடம்தான் இந்தக் கரை. 1971இல் விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் தாத்தாவின் கூரை அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது. சட்டம் வந்து பார்க்கும்போது அவர் வாய்க்கால் கரையில், அதாவது சட்டத்துக்கு வெளியே இருந்தார். "பாம்புக்குப் பயந்தா ஆவுமா, மனுசனுக்குப் பயந்துதான வந்தோம்" என்பாள் ஆயா.

இனிச் சென்னைக்குப் போவோம், ஏனென்றால் நாளை கீரப்பாளையத்தில் நடக்கப்போவது அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

பக்கிங்காம் கால்வாய். இன்று அது சாக்கடை என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் பக்கமாக வெட்டத் தொடங்கியது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டில் 163 கிலோமீட்டர். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை 1877-78இல், தாது வருசப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டினார்கள். பஞ்சத்தில் முதலில் சாகிறவர்கள் யார், நிவாரண வேலைக்கு மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டுதான் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். இந்த அளவில் மனிதர் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கால்வாய்க்கு பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

படகுப் போக்குவரத்து 1960களின் புயல்களோடு ஓய்ந்தது. கால்வாய் 'பயன்பாடற்றது' ஆயிற்று. கரையில் நகரத்தைக் கட்டியவர்களும் கழுவியவர்களும் குடியேறினார்கள். பிறகு அதே கால்வாய்க்குள் அரசே கான்கிரீட் தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் விட்டது. 1995இல் ஒரு பகுதி, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை. நீர்வழியின் நடுவில் தூண், நிலையக் கட்டடம், வாகன நிறுத்துமிடம். அதைக் கேட்டால் வளர்ச்சி. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தக் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். பல பத்தாண்டுகளாக இருந்த வீடுகள். இடிப்பைத் தாங்காமல் ஒருவர் தீக்குளித்து இறந்தார். பறக்கும் ரயில் தூணுக்கு யாராவது நோட்டீஸ் ஒட்டினார்களா?

அடுத்ததுதான் உச்சம். நீர்நிலையை மீட்கிறோம் என்று கூவம், அடையாறு, பக்கிங்காம் கரைகளிலிருந்து தூக்கப்பட்ட மக்களை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் ஓரத்தையும் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடிகளில். ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற இன்னொரு நீர்நிலையில் கொட்டினார்கள். 2015 வெள்ளத்தில் முதலில் தண்ணீர் புகுந்த பகுதிகளில் அவையும் இருந்தன. 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. அந்தச் சதுப்புக்குள் நகரத்தின் குப்பை மலை இருக்கிறது, மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன, தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. ஆனாலும் சதுப்பை யார் அழிக்கிறார்கள் என்று படம் போடச் சொன்னால் குடிசை மாற்று வாரிய வீட்டுத் துணி காயும் பால்கனியைத்தான் போடுவார்கள். (வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள். 'வாழ்விடம்'! புள்ளி ஆந்தைக்குச் சொல்லும் சொல்லில் பாதி நமக்கும் கிடைத்திருக்கிறது.)

பிச்சாவரத்துக்கும் அதே ஆண்டில், அதே மாதத்தில் ராம்சார் தகுதி வந்தது. அது எங்கள் பக்கம். எங்கள் வயல்களின் வடிகால் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் உப்பங்கழிக் காடு. அங்கே அலையாத்தி மரங்கள் பெரும் பரப்பில் பட்டுப்போனபோது, மாடு மேய்ப்பதாலும் விறகு வெட்டுவதாலும் அழிந்தது என்று பக்கத்துக் குப்பங்களின் மேல் பழி போட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பின்னாளில் ஆய்ந்து சொன்னது வேறு. காலனியாட்சிக் காலத்திலிருந்து 1970கள் வரை வனத்துறையே கூறு கூறாகப் பிரித்து முற்றாக வெட்டியதால் மண் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, மரம் திரும்ப முளைக்க முடியாமல் போயிற்று. பிறகு மீன் முள் வடிவத்தில் சிறு கால்வாய்கள் வெட்டிக் கடல் நீரை உள்ளே ஏறி இறங்க விட்டபோதுதான் காடு மீண்டது. கால்வாயை வெட்டியதும் கன்று நட்டதும் பழி சுமந்த அதே மக்கள். கிள்ளை அருகே வாழும் இருளர்கள் அந்தச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்து வாழ்பவர்கள். அந்தக் காட்டின் நாடி அவர்கள் விரலில் இருக்கிறது. ஆனால் சுற்றுலாப் படகில் போகிறவருக்கு அவர்கள் இயற்கைக் காட்சியின் ஓரத்தில் தெரியும் ஆள்கள்.

'மனிதர் தீண்டாத இயற்கை' என்று நம் சூழல் எழுத்தில் ஒரு சொற்றொடர் அடிக்கடி வரும். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். இந்த நாட்டில் தீண்டாமை ஒன்றும் போற்றத்தக்க நிலை இல்லை, ஐயா. தூய்மை என்பதைத் தொடாமையாகப் புரிந்துகொள்ளும் புத்தி கோயில் கருவறையிலிருந்து காட்டுக்குப் போயிருக்கிறது. கருவறைக்குள் நுழையக் கூடாதவர் யாரோ, அவரே இப்போது வாழிடத்துக்குள்ளும் நுழையக் கூடாதவர். நந்தனை நெருப்பில் இறக்கிய சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருவது வருசத்தில் சில மாதங்கள்தான். முறைப் பாசனம் போய் ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு கிளை வாய்க்கால்களை யாரும் கண்டுகொள்வதில்லை. தூர்ந்துபோன மடையில் கோரையும் நாணலும் வளர்கின்றன. அதில் கொக்கு நிற்கிறது, நாமக்கோழி குஞ்சு பொரிக்கிறது. எங்கள் பெண்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் அறுப்பதால்தான் சீமைக் கருவேலம் முழுக்க மூடிக்கொள்ளாமல் நடுநடுவே திறந்த வெளி இருக்கிறது. அந்தத் திறந்த வெளியில்தான் தவளையும் பூச்சியும், அவற்றைத் தேடி வரும் பறவையும். தெருவின் வடகோடியில் இரண்டு பனைகள் மொட்டையாக நிற்கின்றன. அதன் பொந்தில் ஆந்தை இருக்கிறது. அந்தப் பனைகளைச் செங்கல் சூளைக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது எங்கள் சித்தப்பா. ஆந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒன்றும் இல்லை, நுங்கு வெட்டிய மரம் என்ற பாசம். எலி பிடிக்க இருளர் குடும்பங்கள் அறுப்புக் காலத்தில் வருவார்கள். எலி வளையைத் தோண்டுவார்கள், பாம்பு வந்தால் விட்டுவிடுவார்கள். எங்கள் தெருவைத் தூக்கிவிட்டால் அடுத்த ஐந்து வருசத்தில் அந்த இடம் காடாகாது, தென்னந்தோப்பு இன்னும் பத்தடி கீழே இறங்கும். இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை, மேல்கரையைப் பார்த்தால் போதும்.

இருளரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தொடர்ந்து பாம்புத் தோல் வணிகமும் தடை செய்யப்பட்டபோது, பாம்பு பிடித்தே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். தோல் வாங்கிக் கோடி சம்பாதித்த ஏற்றுமதியாளர்களுக்கு வேறு தொழில் இருந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டு, நச்சுமுறி மருந்துக்கு அவர்கள் எடுத்துக் கொடுத்த நஞ்சு இன்று நாடு முழுக்க உயிர் காக்கிறது. 2023இல் அவர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுக்கும் அளவுக்கு அறிவு இருப்பவர்களின் உறவினர்கள் இன்றும் ஏரிக்கரையில் பட்டா இல்லாமல்தான் இருக்கிறார்கள்.

ரயில்வே நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக. விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதையை 2006இன் இறுதியில் மூடி, 2010இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் சிதம்பரத்தைச் சுற்றிப் பழைய மேடுகளிலும் பாழடைந்த குடியிருப்புகளிலும் கீரியும் மயிலும் குடியேறின, பள்ளிப் பிள்ளையாக நானே பார்த்தேன். இப்படி இந்தியா முழுக்க ரயில்வேயிடம் சும்மா கிடக்கும் நிலம் சுமார் 43,000 ஹெக்டேர். 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: சரக்கு முனையம் அமைக்க ரயில்வே நிலத்தை 35 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம், வாடகை ஆண்டுக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 1.5 விழுக்காடு. அதற்கு மூன்று மாதம் கழித்து, உத்தராகண்டின் ஹல்த்வானியில் ரயில்வே நிலம் என்று சொல்லப்பட்ட இடத்தில் வாழ்ந்த சுமார் 50,000 பேரை ஒரு வார நோட்டீஸில் வெளியேற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஜனவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நிறுவனத்துக்கு 35 ஆண்டு, ஏழைக்கு 7 நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் கீரிக்கு எத்தனை நாள் என்று நம் இயற்கை ஆர்வலர்கள் கணக்குப் போட வேண்டும். எங்களை அகற்றிய பிறகு அந்த நிலம் கீரிக்குப் போகாது, சரக்குப் பெட்டிக்குப் போகும்.

தண்டவாள ஓரம் என்றால் அவர்களுக்கு முளைக்கும் செடி நினைவுக்கு வருகிறது. 2013 ஜூலை 4இல் தருமபுரியில் இளவரசனின் உடல் கிடந்தது தண்டவாள ஓரத்தில். 2015 ஜூனில் கோகுல்ராஜைக் கொன்று போட்டது பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில். ஒரே நிலத்தை வெவ்வேறு கண்ணால் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இனி நம் பக்கம். நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சூழலியல் என்றாலே மேல்சாதிப் பொழுதுபோக்கு, தொலைநோக்கியும் தொப்பியும் போட்டவர்களின் வேலை என்று தள்ளிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது காலனி. வெயில் ஏறினால் முதலில் மயங்கி விழுவது நூறு நாள் வேலையில் நிற்கும் நம் அம்மாக்கள். வாய்க்கால் செத்தால் கிணறு இல்லாதவனின் குடிதண்ணீர்தான் முதலில் சாகிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் இறங்கியது ஒரு குளத்தில். அந்தக் குளம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சட்டப்படி எல்லோருக்கும் திறக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் பொது, கரையில் சாதி. தண்ணீர் யாருடையது என்ற கேள்வியை இந்த நாட்டின் சூழலியல் இயக்கத்துக்கு வெகு காலம் முன்பே கேட்டவர்கள் நாம். அந்தக் களத்தை நாமே விட்டுக்கொடுத்துவிட்டு, பின்பு அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் அலறுகிறோம்.

என் கோரிக்கை 'ஆந்தையா, ஆளா' என்பது இல்லை. அப்படிக் கேட்பவன் தென்னந்தோப்புக்காரனுக்கு வேலை செய்கிறான். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். அந்தச் சட்டத்தின் 2004ஆம் ஆண்டு விதிகள், குழுவின் நியமன உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இருக்க வேண்டும் என்றன. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குழு இருப்பதே தெரியாமல் ஒரு தலித் பெண்ணின் கையெழுத்து அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தப் பதிவேட்டை நாம் எழுத வேண்டும். எந்தப் பனையில் ஆந்தை, எந்த மடையில் நாமக்கோழி, எத்தனை வீடு, யார் எந்த ஆண்டில் வந்தது, எல்லாம் ஒரே பதிவேட்டில். வாய்க்காலின் ஓட்டத்தைத் தடுக்காத கரையில் பெண்கள் பெயரில் கூட்டுப் பட்டா கொடு, அந்த வாழிடத்தைப் பேணும் பொறுப்பையும் கூலியோடு அவர்களிடமே கொடு. ஓட்டத்தைத் தடுக்கும் வீடு ஒன்றிரண்டு இருந்தால் இடிப்பதற்கு முன் அதே ஊரில், பிள்ளைகள் அதே பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் மனை கொடு. அளவை மேல்கரையிலிருந்து தொடங்கு. கல்யாண மண்டபம், தோப்பு, பிறகு காலனி. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதற்குப் பெயர் சூழல் பாதுகாப்பு என்றால் அதை நாங்கள் எதிர்ப்போம்.

கருத்தரங்கில் பேசிய அந்த ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வரைபடத்தைத் திருத்தித் தருவதாகப் பதில் எழுதியிருக்கிறார். மண்டபத்தையும் தோப்பையும் சேர்ப்பதாகவும், 'இடையூறு' என்ற சொல்லை எடுத்துவிடுவதாகவும். பார்ப்போம். அதற்குள் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வரைபடம் போட்டுவிட்டார்கள். சார்ட் தாளில், கதவு எண்ணோடு, பனையோடு. திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். முதல் பேருந்தில் போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். புல்லை முந்தின நாளே அறுத்து வைத்துவிடுவாளாம்.